முட்டை சுமக்கும் கணவாய்

திங்கள் இரவு

கலிபோர்னியக் கரையில் மாஸ் லாண்டிங் என்னும் சிறு துறைமுகத்தின் வாசலிலேயே தொடங்கிச் சமுத்திரத்துக்குள் இறங்கிப்போகும் மான்டெரே பள்ளத்தாக்கிலே, 'டிபுரான்' என்ற ஆளில்லாக் கலம் எடுத்த படத்தை இன்று மறுபடியும் பார்த்தேன். மனிதர்கள் கப்பலில் இருந்துகொண்டு, நெடிய வடமொன்றின் வழியே தம் கண்ணையும் கையையும் மாத்திரம் கீழே அனுப்பும் இந்த உபாயம் நினைக்க நினைக்க வியப்பளிக்கிறது. ஆழத்து ஜீவன்கள் மிரளாதிருக்க வேண்டி, அந்தக் கலத்தை மின்விசையால் அரவமின்றி நகரும்படி அமைத்திருந்தார்களாம்.

விளக்கொளியில் தெரிந்தது கோனேட்டஸ் ஓனிக்ஸ். நம் மீனவர் ஊசிக்கணவாய் என்பார்களே, அதற்கு உறவு. 2,000 முதல் 3,000 வரை முட்டைகள் பதிந்த மெல்லிய சவ்வுப் பையொன்றைக் கைகளிலுள்ள கொக்கிகளால் பற்றிக்கொண்டு, அது இருளிலே மெல்ல மிதந்தது.

புதன்

கணவாய்கள் முட்டையிட்டதும் அகன்றுவிடும், பேணுவதில்லை என்பதே நெடுநாளைய அபிப்பிராயம். வலை வீசி ஆராய்ந்த காலத்தில் அவ்வாறு எண்ணியதில் பிழையில்லை. இழுபடும் வலையிலே தாய் வேறு, முட்டை வேறாகச் சிதைந்து வந்தால், அவற்றின் பந்தத்தை யார் அறிவார்? 1,500 முதல் 2,500 மீட்டர் ஆழத்தில் முட்டைப் பையைச் சுமக்கும் கணவாயை உயிரோடு பிரத்தியட்சமாகக் கண்டு, சீபல், ராபிசன், ஹாடாக் என்னும் ஆய்வாளர் மூவரும் 2005இல் எழுதிய பிறகே அந்த அபிப்பிராயம் மாறிற்று.

வெள்ளி, நள்ளிரவு

முட்டை பொரிய 9 மாதம்வரை ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை காலமும், இரை பற்றும் இரு நீண்ட கைகளையும் இழந்து, தேகத்தில் சேமித்ததையே கரைத்து, தசை தளர்ந்து, ஆழம் மூழ்கி வேட்டையாடும் திமிங்கிலத்துக்கும் கடல்யானைக்கும் எளிய இரையாகும் அபாயத்திலே அது காலந்தள்ளுகிறது. இதைத் தாய்மை என்று சொல்ல விஞ்ஞானிகள் தயங்கலாம், எனக்குத் தயக்கமில்லை.

முப்பது நாற்பது விநாடிக்கு ஒருமுறை அது கைகளை விரித்து மடக்குகிறது. புதுநீர் பைக்குள் புகுந்து முட்டைகளுக்கிடையே ஓடுகிறது. அதிலுள்ள பிராணவாயுதான் கருக்களுக்கு மூச்சு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். விரிந்தது, மடங்கிற்று. மறுமுறை விரியக் காத்திருந்தேன்; அதற்குள் படம் முடிந்துவிட்டது.