உட்காரச் சொல்லும் விதம்

சீன மொழியில் வினைச்சொல் யாருக்காகவும் மாறுவதில்லை. நமக்கு உட்கார், உட்காரும், உட்காருங்கள் என்று படிப்படியாக உண்டு. சீனர்களுக்கு 'ட்சுவோ' ஒன்றுதான். பேரனுக்கும் அதுதான், தாத்தாவுக்கும் அதுதான். முன்னிலைப் பெயரும் நம்முடையதைப் போலவே 'நீ'. மரியாதைக்கு 'நின்' என்று ஒன்று இருக்கிறது. பெய்ஜிங்கில் தாராளமாகக் காதில் விழும், தெற்கே போகப்போகக் குறைந்துவிடும்.

பாடப்புத்தகம் தொடக்கத்திலேயே 'சிங்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. 'சிங் ட்சுவோ' என்றால் தயவுசெய்து உட்காருங்கள். அலுவலகத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் அது சரி. வீட்டுக்குள் அதற்கு அதிகம் வேலையில்லை. கட்டிய மனைவியிடம் 'சிங்' சேர்த்து உப்பைக் கேட்டால், ஏதோ மனத்தாங்கல் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

பெய்ஜிங்கில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். வாசலிலேயே அந்த அம்மாள், "ட்சுவோ, ட்சுவோ, ட்சுவோ!" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மீன் வந்ததும் வயிற்றுப்பக்கத்துச் சதையைக் குச்சிகளால் எடுத்து என் கிண்ணத்தில் வைத்து, "ச்சி, ச்சி!" என்றார். சாப்பிடு, சாப்பிடு. வெறும் கட்டளைதான், ஆனால் அதைவிட மரியாதையான பேச்சு அந்த மேசையில் இல்லை. சற்று நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னாலிருந்த அலமாரியை அவர் திறக்கவேண்டி வந்தது. அப்போது குரலே மாறிவிட்டது. "உங்களுக்குச் சிரமம், கொஞ்சம் நகர முடியுமா?" என்று தயங்கிக் கேட்டார்.

எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. செய்கையின் பலன் கேட்பவருக்கு என்றால் எவ்வளவு அழுத்திச் சொல்கிறோமோ அவ்வளவு அன்பு. சிரமம் அவருக்கு என்றால் அதைச் சின்னதாக்கிச் சொல்லவேண்டும். அதற்குத்தான் 'யீஷியா' இருக்கிறது. 'ஒரு தடவை', 'ஒரு நிமிஷம்' என்பதுபோல வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் நாம் "கொஞ்சம் நகருங்க" என்கிறோமே, அந்தக் 'கொஞ்சம்' செய்கிற வேலையே அது. வாக்கியக் கடைசியில் 'பா' சேர்த்தால் கட்டளை யோசனையாக இளகிவிடும். பார் என்பதை இரட்டித்துக் 'கான்கான்' என்றால், சும்மா ஒரு பார்வை பார் என்றாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வருவது விளிதான். டாக்ஸி ஓட்டுநரும் குழாய் பழுதுபார்ப்பவரும் 'ஷிஃபூ'. தொழில் தெரிந்த ஆசான் என்று அர்த்தம். அம்மா வயதுப் பெண்மணி 'ஆயி', சித்தி மாதிரி. சீன மரியாதையைப் பற்றி 1990இல் எழுதிய மொழியியலாளர் கூ யுவெகுவோ, விளிப்பதையே தனி விதியாக வைத்தார். அது மிகச் சரி என்பேன். உரிய முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால், அடுத்து வருவது மொட்டைக் கட்டளையாக இருந்தாலும் யாருக்கும் உறுத்துவதில்லை.

மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் பலர் சீனாவுக்குப் போகிறார்கள். அங்கே வார்டில் நோயாளியிடம் கையை நீட்டச் சொல்லவும் வாயைத் திறக்கச் சொல்லவும் வேண்டியிருக்கும். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: 'சிங்'கை மட்டும் நம்பாதீர்கள். முதலில் வயதறிந்து முறை சொல்லிக் கூப்பிடுங்கள், பிறகு ஒரு 'யீஷியா' சேர்த்துக்கொள்ளுங்கள்.