காலிக் கையின் கனம்

2011-இல் அறிமுகமாகி இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 22 மில்லிமீட்டர், எடை 3.79 கிராம். துருப்பிடிக்காத எஃகு. கடைக்காரருக்கு அது வசதி. நாணய வித்தை பழகுகிறவனுக்கு அதைப்போல ஒரு எதிரி கிடையாது. உள்ளங்கைச் சதையில் கவ்வினால் நிற்காது. விரல் மடிப்பில் வைத்தால் இருப்பதே தெரியாது. இருக்கிறதா இல்லையா என்று தன் கைக்கே சந்தேகமாக இருக்கும் ஒன்றை அடுத்தவர் கண்ணிலிருந்து எப்படி ஒளிப்பது?

இந்தக் கலைக்கான நூல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அவர்கள் மனதில் வைத்து எழுதியது அரை டாலரை. குறுக்களவு 30.6 மில்லிமீட்டர். 1964 வரை வந்தவற்றில் 90 சதவீதம் வெள்ளி, எடை 12.5 கிராம். நமக்கு அதற்கு ஈடு எது என்று தேடியவர்களுக்குப் பழைய நாணயம் விற்பவர்களிடம் விடை கிடைத்தது: பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய். விக்டோரியா தலை, எட்வர்டு தலை, ஜார்ஜ் தலை எதுவானாலும் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். குறுக்களவு அரை டாலரோடு அநேகமாக ஒத்துப்போகும். விளிம்பில் வரிவரியாக வெட்டு இருப்பதால் சதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். நான் பழகியது இதில்தான். கொஞ்சம் தேய்ந்த காசாகப் பார்த்து வாங்குவது நல்லது. புதுக்கருக்கு மாறாத காசு ஒன்றோடொன்று உரசினால் கணீரென்று காட்டிக்கொடுத்துவிடும். தேய்ந்த வெள்ளி முனகுவதோடு சரி.

இப்போதைய நாணயங்களில் தேறுவது பத்து ரூபாய்தான். 27 மில்லிமீட்டர், 7.71 கிராம். அது செல்லாது என்று ஒரு வதந்தி கிளம்பி, தமிழ்நாட்டில் பல ஊர்க் கடைகளில் வாங்க மறுத்தார்கள். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிக்கையே விட வேண்டியிருந்தது. வித்தைக்காரனுக்கு அந்த வதந்தியால் நஷ்டமில்லை. பார்வையாளரிடம் கடன் வாங்கிய நாணயத்தை மறைய வைத்தால், திரும்பக் கேட்க ஆளே இருக்காது.

பழகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் ஓடுவது கிளாசிக் பாமுக்கு. கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கத்து மேட்டுக்கும் நடுவே நாணயத்தைக் கவ்விக்கொண்டு, கையைக் கவிழ்த்து, விரல்களைச் சாதாரணமாக விட்டுவிடுவது. கவ்வுவது சில வாரங்களில் வந்துவிடும். வராதது அந்தச் ‘சாதாரணம்’. கட்டைவிரல் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். மற்ற நான்கும் ஜவுளிக்கடைப் பொம்மையின் விரல்கள்போல விறைக்கும். இதற்கு மேசைப் பயிற்சி உதவாது. நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே பேப்பர் படிக்க வேண்டும், டீ குடிக்க வேண்டும், வண்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். காசு இருக்கிற நினைப்பே போன பிறகுதான் கை இளகும். வறண்ட கையில் காசு வழுக்கும் என்று மேல்நாட்டு நூல்கள் கவலைப்படுகின்றன. நம்முடைய தொல்லை வேறு. சென்னையின் மே மாத வியர்வையில் காசு ஒட்டிக்கொண்டு, விழ வேண்டிய நேரத்தில் விழாது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒளிக்கும் கையைப் பற்றி அல்ல. ஒளிக்கும் கைக்கே பயிற்சி முழுவதையும் கொடுத்துவிட்டு, மற்ற கையைப் பட்டினி போடுவதுதான் இந்தக் கலையில் பரவலாகக் காணும் குறை. வலது கையிலிருந்து இடது கைக்கு நாணயத்தைக் கொடுப்பதுபோலக் காட்டி, வலதிலேயே வைத்துக்கொள்கிறோம். அதன் பிறகு பார்வையாளர் பார்ப்பது எதை? இடது கையை. அதில் எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாத அந்தக் கைக்கு 11.66 கிராம் கனம் வந்தாக வேண்டும்.

வழி எளியது, அலுப்பூட்டுவது. கள்ளத்தனம் எதுவும் இல்லாமல், நாணயத்தை உண்மையாகவே இடது கையில் வைத்து மூடுங்கள். திரும்பத் திரும்பச் செய்து, செல்போனில் படமெடுங்கள். இடது விரல்கள் எந்த வரிசையில் மடிகின்றன, காசு வந்து உட்காரும்போது மணிக்கட்டு எவ்வளவு தாழ்கிறது, கொடுத்து முடித்த வலது கை எங்கே போய் ஓய்கிறது என்று பாருங்கள். பிறகு பொய்யாகச் செய்து, இரண்டு படங்களையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். அநேகமாக எல்லோருக்கும் ஒரே வித்தியாசம்தான் தெரியும். உண்மையில் வலது கை தளர்ந்து, தன்பாட்டுக்குக் கீழே போகிறது. பொய்யில் அவசரமாக ஒதுங்குகிறது, அல்லது அந்தரத்தில் உறைந்து நிற்கிறது. இடது கையோ காற்றை முஷ்டியாக நசுக்குகிறது. காசை வைத்திருக்கும் கை ஒருபோதும் அப்படி இறுகாது; நடுவில் காசுக்கு இடம் விட்டிருக்கும்.

கண்ணாடி இதைக் காட்டாது. ரகசியம் நடக்கும் அந்த நொடியில் நாமே கண்ணைச் சிமிட்டிவிடுகிறோம். தன் தவறைத் தானே பார்க்க மனசு ஒப்புவதில்லை போலிருக்கிறது. கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எடுத்த படத்தையும் அன்றே பார்க்காமல் சில நாள் கழித்துப் பார்த்தால், அதில் இருப்பது வேறு யாரோ என்ற தூரம் கிடைக்கும்.

அடுத்து வருவது கண். கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செய்பவனின் பார்வை பிசகினால் எல்லாம் வீண். 2006-இல் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். கூன் தாமே வித்தைக்காரர். பந்தை இரண்டு முறை உண்மையாக மேலே எறிந்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதுபோல நடித்துக் கைக்குள் வைத்துக்கொள்கிறார். அவர் பார்வை பந்து போக வேண்டிய பாதையில் மேலே போனபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போய் மறைந்ததாகவே சொன்னார்கள். பார்வை கையிலேயே நின்றபோது அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கை ஒன்றுதான்; கண் மாறியது, அவ்வளவே. நாணயத்துக்கும் இதே விதி. காசு ‘போன’ கையை நாம் பார்க்க வேண்டும். அதுவும் கை அங்கே போவதற்குக் கொஞ்சம் முன்பாகவே பார்வை போய்விட வேண்டும். வாழ்க்கையில் எந்தப் பொருளை வைத்தாலும் கண் முந்துகிறது, கை பிந்துகிறது. வித்தையில் மட்டும் பலருக்கு இது தலைகீழாகிறது.

அப்போலோ ராபின்ஸ் என்ற அமெரிக்கர் மேடையில் பிக்பாக்கெட் வித்தை காட்டுபவர். நேர்கோட்டில் போகும் கையைவிட வளைந்து போகும் கை பார்வையை இழுத்துச் செல்லும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. நரம்பியல் ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்து 2011-இல் கட்டுரை எழுதினார்கள். நேராகப் போனால் பார்வை சட்டென்று பாய்ந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. வளைந்து போனால் கையோடு கூடவே போகிறது. அதனால் நாணயம் இருப்பதாக நம்பப்படும் கையை நான் எப்போதும் சிறு வில்போல வளைத்தே கொண்டுபோவேன்.

இனி, ஏன் கை மாற்ற வேண்டும் என்ற கேள்வி. வலது கையில் பத்திரமாக இருக்கும் காசை இடது கைக்கு மாற்ற என்ன அவசியம்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வித்தை பார்வையாளருக்கு அரிப்பெடுக்கும். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஸ்பெயின் நாட்டில் வழக்கறிஞராகவும் வித்தைக்காரராகவும் இருந்த அர்துரோ தே அஸ்கானியோ இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். ரகசியச் செயல் தனியாக நிற்கக் கூடாது. இன்னொரு காரியத்துக்குப் போகிற வழியில் அது நடந்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். வலது கைக்குப் பேனா வேண்டும், ஆகவே காசு இடது கைக்குப் போகிறது. பார்ப்பவர் மனதில் பதிவது பேனா எடுத்ததுதான். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், பாதி நூல்களில் சொல்லும் நுணுக்கங்கள் தேவைப்படாமலே போகும்.

ரொட்டீன் என்று நாங்கள் சொல்வது இப்படிப்பட்ட செயல்களின் கோவை. மூன்று நாணயங்கள் ஒவ்வொன்றாக ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பறப்பதை எடுத்துக்கொள்வோம். இளம் வித்தைக்காரர்கள் மூன்று காசுக்கும் மூன்று விதத் தந்திரம் வைப்பார்கள்; தங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்ற ஆசை. மெருகு ஏற்றுவது என்றால் அதில் சேர்ப்பது அல்ல, கழிப்பது. என் ரொட்டீனில் இப்போது இரண்டு தந்திரங்கள்தான் மிச்சம். முதல் காசு யாரும் எதிர்பார்க்காதபோது போய்விடுகிறது. இரண்டாவதுக்குக் கை இரண்டையும் திறந்து, சந்தேகப்பட முழு வாய்ப்புக் கொடுக்கிறேன். மூன்றாவதில் தந்திரமே இல்லை. அது நடக்கப்போகிறது என்று நான் அறிவிக்கும் வேளையில், எப்போதோ நடந்து முடிந்திருக்கும். செய்பவனின் கடிகாரமும் பார்ப்பவரின் கடிகாரமும் அங்கே பிரிகின்றன. அந்த இடைவெளி பெரிதாகப் பெரிதாக வித்தை பலமாகும். மூன்று நாணய வித்தையில் உண்மையில் எத்தனை நாணயங்கள் என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்வதாக இல்லை.

பேச்சும் கையோடு சேர்ந்தே பழக வேண்டும். மிருதங்கம் படிப்பவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தோலில் கை வைப்பார்கள். நானும் முழு ரொட்டீனையும் காசு இல்லாமல், வசனத்தை மட்டும் சொல்லி நடந்து பார்ப்பேன். எந்த இடத்தில் வாய் தடுமாறுகிறதோ அந்த இடத்தில் கையிலும் கோளாறு இருக்கும்.

இவ்வளவும் வீட்டுக்குள். வெளியே வந்தால் நூல்கள் கைவிட்டுவிடும். மேல்நாட்டு நூலில் பார்வையாளர் மேசைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருப்பார். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் சுற்றி நிற்கும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். குழந்தைகள் முழங்கை உயரத்தில் நின்று, கவிழ்ந்த கையைக் கீழிருந்து பார்க்கும். உள்ளங்கையில் கவ்வியது அந்தக் குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அங்கே கிளாசிக் பாமை விட்டுவிட்டு, விரல் மடிப்பில் வைக்கும் ஃபிங்கர் பாமுக்குப் போய்விட வேண்டும். தெருவில் தரையில் உட்கார்ந்து செப்படி வித்தை காட்டியவர்கள், மூன்று பக்கமும் கூட்டத்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். கைவித்தைக்குப் பேர்போன கேரளத்தின் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி (1903–1983) பெரிய கருவிகளை நம்பியவர் அல்ல. நம் சூழலுக்கான பாடம் இவர்களிடம் இருக்கிறது.

இன்னொன்று, வெள்ளி ரூபாய் மண்டபத்தில் எடுபடாது. எடுத்ததும் ஒரு பாட்டி, “வெள்ளி ரூபாயா? இங்க குடு கண்ணு, பாக்கறேன்” என்பார். பக்கத்தில் இருப்பவர் இன்றைய வெள்ளி விலையைச் சொல்வார். வித்தை அதோடு முடிந்தது. யாருக்கும் சந்தேகம் வராத காசு, அவர்கள் பையிலேயே இருக்கும் காசுதான். ஆனால் யுபிஐ வந்தபின் பையில் காசு ஏது? யோசித்துப் பார்த்ததில் கல்யாணத்தில் ஒரு நாணயம் இன்னும் தப்பிப் பிழைத்திருப்பது தெரிந்தது. மொய்க் கவரில் ஐந்நூறோடு, ஆயிரத்தோடு சேர்த்து வைக்கும் ஒற்றை ரூபாய். இப்போது என் கல்யாண ரொட்டீன் அதைச் சுற்றியே ஓடுகிறது. “மொய் வைக்கிறவர் கையில் ஒரு ரூபாய் குறையுது” என்று தொடங்கினால் ஏன், எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் எதிரி என்று திட்டிய அதே 22 மில்லிமீட்டர் எஃகுத் துண்டுதான். கனமான காசில் பழகிய கை இலேசான காசையும் கனமாகக் காட்டும். இலேசில் பழகியவருக்கு அந்தக் கனம் தெரியவே தெரியாது.

பழக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் விற்கும் தந்திர நாணயங்களை இப்போதைக்கு வாங்காதீர்கள். வெள்ளிக்குச் செலவழிக்க முடியாவிட்டால் ஒரே மாதிரியான நான்கு பத்து ரூபாய் நாணயங்கள் போதும். ஜே. பி. போபோவின் ‘மாடர்ன் காயின் மேஜிக்’ 1952-இல் வந்தது. மலிவுப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் படங்களைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். அதன் முதல் அத்தியாயம் நாணயத்தைக் கையில் ஒளிப்பது பற்றியது. அதைத் தாண்ட அவசரப்படாதீர்கள். ஆனால் அதில் ஒரு மணி நேரம் செலவழித்தால், காலிக் கைக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள்.