அக்கா வீட்டு ஊதுகுழல்

விறகடுப்பு ஊதி உங்களுக்குப் பழக்கம் உண்டா, சகோதரிகளே? காஸ் அடுப்பின் குமிழைத் திருகியே வளர்ந்தவர்களாக இருந்தாலும், பாட்டியின் கையில் ஊதுகுழலை ஒரு முறையேனும் பார்த்திருப்பீர்கள். ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் ஊது ஊதுவாள். குபீரென்று தீ கிளம்பும். விறகும் அதேதான்; அடுப்பும் அதேதான். கூடுதலாகப் போனது ஒரு மூச்சுக் காற்று மட்டுமே.

அந்த ஒரு மூச்சுக் காற்றை எட்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி வந்து, அதன் காரணமாகப் புருஷனும் மனைவியும் மூன்று வாரம் பேசாமல் இருந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். வீடு என் அக்காவின் வீடு. வாங்கியவர் என் அத்தான்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாத லீவு வாங்கிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போயிருந்தேன். டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே ட்ராய் என்று ஓர் ஊர். மோட்டார் உத்தியோகத்தை நம்பி வந்த நம்மவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். அத்தானும் அப்படி வந்தவர்தான். இருபது வருஷமாக, மோட்டார்களுக்குப் பிரேக் செய்கிற கம்பெனி ஒன்றில் எஞ்சினீயர். ஓடுகிற வண்டியை நிறுத்துவதுதான் அவருடைய பிழைப்பு.

வீட்டுக்குள் நுழைந்த அரை மணிக்குள்ளேயே காற்று சரியில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"உன் அத்தானுக்குக் காபி வேண்டுமா என்று கேள்" என்றாள் அக்கா. அத்தான் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டும் என்று உன் அக்காவிடம் சொல்" என்றார் அவர்.

பதினேழு வயது அர்ஜுன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். இத்தனை நாள் தபால்காரன் வேலை அவனுடையது. சித்தி வந்ததும் என்னிடம் ஒப்படைத்துவிட்டான்!

சாயங்காலம் அவன்தான் என்னைக் கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனான். உள்ளே சிவப்பு வர்ணத்தில் ஒரு ஃபோர்டு மஸ்டாங், 2019ஆம் வருஷத்து ஜி.டி. மாடல். பக்கத்தில் பெரிய பெரிய அட்டைப் பெட்டிகள்.

"இதுதான் சித்தி, சண்டைக்குக் காரணம்" என்றான். "சூப்பர்சார்ஜர்."

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "பணம் அவருடைய போனஸ் பணந்தானாமே?" என்று.

"பணம் கிடக்கிறது, விடு" என்றாள். "ஆயிரம் டாலருக்கு நான் ஒரு சோபா வாங்குவதென்றாலும் அவரைக் கேட்காமல் வாங்கினது கிடையாது. லாரிக்காரன் பெட்டியை இறக்கிக் கையெழுத்துக் கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அதோடு, பையனுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்திருக்கிறது. இருக்கிற குதிரை போதாது என்று இன்னும் பூட்டுகிறார். அதை யார் பிடித்து நிறுத்துவது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி என்னதான் அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று, மறுநாள் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். பேச ஆள் கிடைத்ததே என்று மனிதர் மடை திறந்தாற்போல் சொன்னார். எனக்கு விளங்கின வரையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

எஞ்சின் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்றுதானே நாம் நினைக்கிறோம்? உண்மையில் அது அதிகம் குடிப்பது காற்றைத்தான். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கு எடை சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். அத்தானுடைய எஞ்சின் ஐந்து லிட்டர் கொள்ளளவு; எட்டு சிலிண்டர். நிமிஷத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது, கணக்குப்படி நிமிஷத்துக்கு 15,000 லிட்டர் காற்றை அது விழுங்கும்! பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக் காற்று தானாக உள்ளே வந்து நிறைகிறது. தானாக எவ்வளவு வருமோ அவ்வளவுதான். பெட்ரோலை மட்டும் கூட்டி ஊற்றினால் புகைதான் மிஞ்சும், ஈர விறகு மாதிரி.

அங்கேதான் ஊதுகுழல் வருகிறது. பெட்டியைத் திறந்து காட்டினார். அலுமினியக் கூட்டுக்குள் இரண்டு உருளைகள். ஒவ்வொன்றிலும் முறுக்கிப் பின்னின ஜடைபோல் நான்கு மடல்கள். எஞ்சினின் சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் வந்து இவற்றைச் சுழற்றும். ஒன்றையொன்று தொடாமலே இரண்டும் சுழன்று, காற்றை வாரி எஞ்சினுக்குள் திணிக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 14.7 பவுண்டு. அதற்கு மேல் ஏழு பவுண்டு அழுத்தித் திணித்தால், ஏறக்குறைய பாதிப் பங்கு காற்று கூடுதலாக உள்ளே போகும். பிறந்தபோது 460 குதிரை சக்தி உள்ள எஞ்சின், இதைப் பூட்டினால் 700 குதிரை சக்தி காட்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. இண்டியானா மாகாணத்தில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் இருவர் 1860ஆம் ஆண்டிலேயே இப்படிச் சுழலும் ஊதி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவே அது முதலில் பயன்பட்டது. நம் கொல்லன் பட்டறைத் துருத்தியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு ஆகாய விமானங்களுக்கு வந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது அல்லவா? இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினுக்கு, அந்த உயரத்தில் மூச்சு கொடுத்தது சூப்பர்சார்ஜர்தான். மஸ்டாங் கார் 1964ஆம் வருஷம் ஏப்ரல் 17ந் தேதி வெளிவந்தது. 1966லேயே அதன் ஷெல்பி மாடலில் விரும்பினவர்களுக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டிக் கொடுத்தார்கள். அத்தானின் ஆசைக்கு அத்தனை வயது!

"சும்மா கிடைக்கிற பலமா இது?" என்று கேட்டேன்.

"சும்மா எது கிடைக்கும்?" என்று சிரித்தார். 2015ஆம் வருஷத்து மாடலாக டாட்ஜ் கம்பெனியார் 707 குதிரை சக்தியில் ஹெல்கேட் என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஊதியைச் சுழற்றுவதற்கு மட்டுமே சுமார் 80 குதிரை சக்தி செலவாகிறதாம். நம் ஊரில் ஒரு சின்னக் குடும்பக் காரின் மொத்தப் பலமே கிட்டத்தட்ட அவ்வளவுதானே!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷெட்டில் வேலை நடந்தது. அத்தானுடைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர், நரைத்த மீசை வைத்த வெள்ளைக்காரர், கூட வந்து உதவி செய்தார். இது மாதிரி நாலைந்து வண்டிகளுக்குப் பூட்டின அனுபவஸ்தர். நானும் அர்ஜுனும் எடுபிடி. பத்தாம் நம்பர் ஸ்பானர் காணாமற்போவதற்கென்றே செய்யப்பட்டது என்ற உண்மையை அன்று கண்டுகொண்டேன்.

ஊதியை மட்டும் தூக்கி வைத்தால் காரியம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு! காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பை நாலு தரம் அடித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், தெரியும். ஆகவே அந்தக் காற்றைக் குளிர்விக்கத் தனியாக ஒரு தண்ணீர் ரேடியேட்டர். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்; அதற்குப் பெரிய தெளிப்பான்கள். எப்பொழுது எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று தீர்மானிக்கிற கம்ப்யூட்டருக்கும் புதுப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"எல்லோருக்கும் தகவல் சொல்லியாக வேண்டும்" என்றார் அத்தான். "காற்று கூடுதலாக வருகிறது என்று ஒருவனுக்குச் சொல்லாமல் விட்டாலும் போச்சு. உள்ளே இருக்கிற பிஸ்டனும் தண்டும் கம்பெனியில் போட்டது போட்டபடி இருக்கின்றன. கொஞ்சம் தப்பினாலும் உடைவது அவைதான்."

சமையலறைக்கும் ஷெட்டுக்கும் நடுவே உள்ள கதவு திறந்திருந்தது. அக்காவின் காதில் அது விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது. மீசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "டாங்கியில் என்ன பெட்ரோல்?" என்று கேட்டார்.

"93தான். நான் வேறு போடுவதே இல்லை" என்றார் அத்தான்.

அங்கே பெட்ரோல் பங்கில் 87, 93 என்றெல்லாம் எண் போட்டு விற்கிறார்கள். ஆக்டேன் எண் என்று பெயர். எண் கூடினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கே அந்த எண். பொறுமை இல்லாத பெட்ரோலைக் கொண்டு, காற்றைத் திணித்த எஞ்சினை விரட்டினால், அது கண்ட நேரத்தில் வெடித்து, பிஸ்டன் தலையில் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். அதைக் கண்டுபிடிக்கிற கருவி எஞ்சினில் இருக்கிறது. ஆனால் எல்லாச் சமயத்திலும் அது காப்பாற்றிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. 91க்குக் குறையக் கூடாது என்று புத்தகத்தில் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருந்தது.

அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்பொழுது அக்கா டீத் தட்டோடு வந்தாள். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இதோ பாருங்கள். டாங்கியில் இருப்பது 93 இல்லை. 87."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசின முதல் வார்த்தை இதுதான், சகோதரிகளே!

உள்ளே போய்க் கணக்கு நோட்டையும் ஒரு ரசீதையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி, வண்டியைப் பிரிப்பதற்கு முன் டாங்கியை நிரப்பிக்கொண்டு வரும்படி அர்ஜுனை அத்தானே அனுப்பியிருக்கிறார். அந்த ஜூன் மாதந்தான் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை காலனுக்கு ஐந்து டாலரைத் தாண்டியிருந்தது. பையன் அம்மாவுக்குப் பிறந்த பிள்ளை. மலிவானதைப் போட்டு மிச்சம் பிடித்து, ரசீதையும் ஒழுங்காக அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.

அர்ஜுனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதைப் போடுவது என்று அப்பா சொல்லவே இல்லையே" என்றான், அழமாட்டாக் குறையாக.

அத்தான் வண்டியிலிருந்து இறங்கினார். ரசீதைப் பார்த்தார். பையன் தோளில் கையை வைத்தார்.

"உன் மேல் தப்பில்லை. சொல்லாமல் விட்டது நான்தான்" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "அதுவும் சொல்லாமல் விட்டது என் தப்புத்தான்" என்றார், தாழ்ந்த குரலில்.

மீசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்னவோ புரிந்துகொண்டு, டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நழுவிவிட்டார். நல்ல மனிதர்!

அந்தப் பெட்ரோல் முழுவதையும் இறைத்துத் தகரங்களில் பிடித்தார்கள். கொட்டிவிடலாமா என்று பையன் கேட்டதற்கு, "கொட்டவா? என் வண்டியில் ஊற்று" என்றாள் அக்கா. அவளுடைய சாதாரணக் காருக்கு 87 போதும். 93 வாங்கி வந்து ஊற்றிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு எஞ்சினை முடுக்கினார்கள். உறுமலுக்கு நடுவே, மெல்லிய சீழ்க்கைபோல் ஒரு ஒலி. பாட்டியின் ஊதுகுழல் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் அத்தானுக்குக் காபியை அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே மூன்று நிபந்தனைகள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாறுதலை எழுதித் தெரிவிக்க வேண்டும். "ஊருக்கெல்லாம் பிரேக் செய்கிற மனிதர் சொந்த வண்டிக்கும் செய்யட்டும்" என்று, பிரேக்கும் டயரும் நல்லதாக மாற்ற வேண்டும். சாவி அவளுடைய பீரோவில்தான் இருக்கும். அர்ஜுனுக்கு இருபத்தொரு வயது ஆகும் வரையில் அது அவன் கைக்குப் போகாது. அத்தான் மூன்றுக்கும் தலையாட்டினார். மூன்றாவதற்குப் பையன் ஆட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஆகஸ்டு 20ந் தேதி, உட்வர்ட் அவென்யூவில் மோட்டார்த் திருவிழா. 1995 முதல் ஆகஸ்டு மாதங்களில் நடந்து வருவது. பழைய கார், புதுக் கார் என்று ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வரும். தெருவோரத்தில் நாற்காலி போட்டு, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐம்பது, அறுபதுகளில் இதே சாலையில்தான் அந்த ஊர்ப் பையன்கள் போலீசுக்குத் தெரியாமல் பந்தயம் விட்டார்களாம்.

நாங்களும் போனோம். முன் சீட்டில் அக்கா, புதுப் புடவை கட்டிக்கொண்டு. பின்னால் நானும் அர்ஜுனும் முழங்கால் மோவாயில் இடிக்க. முன்னாலும் பின்னாலும் கார் வெள்ளம். எங்கள் 700 குதிரைகளும் நத்தை வேகத்தில் ஊர்ந்தன. நம்மூர்த் தேர்கூட இதைவிடச் சற்று வேகமாகத்தான் போகும்.

"இதற்கா எட்டாயிரம் டாலர்?" என்றாள் அக்கா.

அத்தான் பதில் சொல்லவில்லை. சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, விலை கொஞ்சம் அதிகந்தான் என்றாலும், மோசமில்லை என்று எனக்குத் தோன்றியது.

நான் ஊருக்குத் திரும்பும் முன் அக்காவின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பால், காய்கறி, மின்சாரம் என்ற வரிசையில் புதிதாக ஒரு தலைப்பு: "ஊதுகுழல் - 93". அதற்குக் கீழே, அத்தானின் கையெழுத்தில் ஒரு வரி: "பிரேக், டயர் - அக்டோபரில் வாங்க உத்தேசம். சம்மதமா?"

பக்கத்தில் அக்கா ஒரு சின்ன 'சரி' போட்டிருந்தாள்.