கொட்டகையில் ரெண்டு கோவென்ட்ரிக்காரங்க

எங்க வீட்டுக் கொட்டகையில ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். இன்னொண்ணு 1964 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், ரெண்டு கதவு. முதலாவது சோறு போடுது, ரெண்டாவது அதுல பாதியைத் தின்னுதுன்னு வீட்ல சொல்லுவாங்க. ரெண்டும் மெட்ராஸ்ல செஞ்சது. ஆனா ரெண்டுக்கும் பூர்வீகம் ஒரே ஊரு, இங்கிலாந்துல இருக்குற கோவென்ட்ரி. ஒருவகையில பங்காளிங்கன்னே சொல்லலாம்.

கொடும்பாளூருக்கு மூவர் கோவில் பாக்க வர்ற நகரத்து நண்பர்கள், அப்படியே நம்ம தோட்டத்துக்கும் வந்தா முதல்ல நிக்கிற இடம் இந்தக் கொட்டகைதான். "விவசாயிக்கு எதுக்குங்க இந்தக் கார்?" அப்படின்னு கேப்பாங்க. பதில் சொல்ல அந்தப் பங்காளி உறவுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

கோவென்ட்ரியில ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனின்னு ஒண்ணு இருந்தது. போர் முடிஞ்சதும், 1946லேர்ந்து, பெர்குசன் டிராக்டரைச் செஞ்சு குடுத்தது அவங்கதான். அதே சமயத்துல தங்களோட வான்கார்டு காருக்காக நாலு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு செஞ்சாங்க. தேஞ்சுபோன சிலிண்டர் லைனரைத் தனியா உருவிப் புதுசு போட்டுக்கலாம். அந்த எஞ்சினை டிராக்டர்லயும் மாட்டினாங்க. 1953ல வந்த ட்ரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளயும் அதே குடும்பத்து எஞ்சின்தான், அளவுல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன. உழவுக்குப் போனதும் பந்தயத்துக்குப் போனதும் ஒரே சாதி மாடு!

அந்தக் கம்பெனியோட கூட்டு வச்சு மெட்ராஸ்ல, வண்டலூர் பக்கம், ஒரு தொழிற்சாலை வந்தது. அங்கதான் 1961லேர்ந்து ஹெரால்டு செஞ்சாங்க. இங்கிலாந்துல 1959ல வந்த வண்டி. அதுக்கு மேல்கூடு செஞ்சு குடுத்துட்டிருந்த ஆலை போட்டிக் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. அதனால உடம்பைத் துண்டு துண்டாச் செஞ்சு, கீழ ஒரு இரும்புச் சட்டத்து மேல போல்ட்டு போட்டு முடுக்குற மாதிரி வடிவமைச்சாங்க. அந்தச் சட்டத்தையே நீளம் குறைச்சு 1962ல ஸ்பிட்ஃபயர்னு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. அந்தக் காலத்துல வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இங்க கொண்டுவர்றது லேசுல நடக்காது. மெட்ராஸ்ல வேகப் பைத்தியம் புடிச்சவங்க ஹெரால்டையே முறுக்கேத்தி சோழவரம் ஓடுதளத்துல பந்தயம் விட்டாங்க. அதனால எங்க வண்டியை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா பொய். ஸ்போர்ட்ஸ் காரோட அக்கான்னு சொன்னா உண்மை.

எங்க அப்பா இதை 1983ல புதுக்கோட்டையில ஒரு டாக்டர்கிட்ட வாங்கினாரு. அலங்காரத்துக்கு இல்ல. விதைக்கடலை மூட்டை, ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குப் போற பொம்பளைங்க எல்லாம் இதுலதான் போயிருக்காங்க. கண்ணு மங்கினப்புறம் அப்பா ஓட்டுறதை விட்டாரு. பதினஞ்சு வருஷம் கொட்டகையில கெடந்தது. பின் சீட்டுல கோழி அடை காத்துச்சு. ஒயரையெல்லாம் எலி கொதறிடுச்சு. அப்பா போனதுக்கப்புறம்தான் எடுத்து ஓட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணிச்சு.

ஒத்தாசைக்கு வந்தவர் மணப்பாறையில பட்டறை வச்சிருந்த மெக்கானிக் பாய். இப்ப அவருக்கு எழுபத்தாறு. டிராக்டர், அம்பாசடர், ஹெரால்டு எல்லாம் பாத்த கை. வந்து பானெட்டைத் தூக்கினாரு. ஹெரால்டுல பானெட்டும் ரெண்டு முன் மட்காடும் ஒரே துண்டு, முதலை வாயைப் பொளந்த மாதிரி முன்பக்கமாச் சாயும். எஞ்சின் முழுசா வெளிய நிக்கும். பாய் முன் டயர் மேல திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காந்துக்கிட்டு, "தம்பி, டிராக்டர் டப்பாவை எடுத்தாங்க"ன்னாரு. டிராக்டரோட அங்குல ஸ்பேனர் செட்டுதான். முக்காவாசி போல்ட்டுக்கு அது சரியாப் போச்சு!

வேலை ரெண்டரை வருஷம் இழுத்துச்சு, நடவுக்கும் அறுப்புக்கும் நடுவுல கெடைச்ச நாள்லதான். சட்டம் துருப்புடிச்ச எடத்துல வெட்டிப் புது இரும்பு வச்சு வெல்டிங். எஞ்சின் ரீபோர் திருச்சியில. கெடைக்காத புஷ்ஷை ஒரு லேத் பட்டறையில பித்தளையில கடைஞ்சோம். கண்ணாடி ரப்பருக்கும் விளக்குக்கும் சென்னை புதுப்பேட்டை.

இதுல பாய் அடிச்சு அடிச்சுச் சொன்ன பாடம் ஒண்ணு இருக்கு. முன் சக்கரத்தைத் தாங்குற தண்டு கீழ ஒரு வெண்கலக் கட்டையில மறையோட திரும்பும். ட்ரன்னியன்னு பேரு. பாத்தா கிரீஸ் வைக்கிற எடம் மாதிரி இருக்கும். வைக்கக் கூடாது. 90 நம்பர் கியர் எண்ணெய்தான் விடணும். கிரீஸ் உள்ள போய் இறுகிட்டா மறை காய்ஞ்சு, தண்ணி புகுந்து, தண்டு ஒருநாள் முறியும். ஓடிக்கிட்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி விழும். ஸ்பிட்ஃபயர்லயும் இதே கதைதான். "எண்ணெய் விட்ட தேதியைச் செவுத்துல எழுதுங்க தம்பி. சினை ஊசி தேதி எழுதுறீங்கள்ல, அது மாதிரி." இப்ப எங்க கொட்டகைச் செவுத்துல மாட்டுக் கணக்குக்குக் கீழ காரோட கணக்கும் இருக்கு.

இப்பப் புதுசா ஒரு தலைவலி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருது. கரும்பு, மக்காச்சோளம், அரிசிலேர்ந்து எடுக்குறது. விவசாயியா எனக்கு அது நல்ல சேதி. காருக்குத்தான் ஆகல. எத்தனால் பழைய ரப்பரை ஊற வச்சு நொந்துபோக வைக்கும், ஈரத்தை இழுக்கும், தண்ணி டேங்க்கோட அடியில தங்கும். அதனால பெட்ரோல் குழாய், பம்போட டயாப்ரம் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரப்பரா மாத்தினோம். டேங்க்கை ரொப்பிப் போட்டு வைக்கிறதில்ல. பக்கத்துக் காட்டு மக்காச்சோளமே என் காரைத் தின்னுதுன்னு சொன்னா பாய் சிரிக்கிறாரு.

வண்டி ஓட ஆரம்பிச்ச சேதி பரவி, சென்னையிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. பழைய கார் சேக்குறவர், நல்ல மனுஷன். ரெண்டு மணி நேரம் சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒரு தொகை சொன்னாரு. மூணு வெள்ளாமை வெச்சாலும் நான் பாக்காத தொகை. அந்த வருஷம் எங்க போர் வத்திப் போயிருந்தது. அந்தக் காசுல புது போர் போடலாம். ராத்திரி தூக்கம் வரல.

அவர் இன்னொண்ணும் சொன்னாரு. ஆல்டர்னேட்டரைக் கழட்டிப் பழைய டைனமோ போடணும், சீட்டு துணி மாத்தணும், டிக்கியில இருக்குற அந்தத் தாழ்ப்பாளை எடுக்கணும். அந்தத் தாழ்ப்பாள் எங்க ஊரு ஆசாரி அடிச்சது. பூட்டு ஒடஞ்சு மூட்டை விழுந்துடும்னு அப்பா ஒரே மத்தியானத்துல செஞ்சு மாட்டினது. மாட்டுக் கொட்டாய்க் கதவுல இருக்குமே, அதே அச்சு. சென்னைக்காரர் கண்ணுக்கு அது குறை. தப்புன்னு சொல்லமாட்டேன், அவர் பாக்குறது தொழிற்சாலையிலேர்ந்து வெளிய வந்த நாளை.

எங்க ஊரு மூவர் கோவில்ல மூணு விமானம் இருந்தது. இப்ப ரெண்டுதான் நிக்குது. மூணாவதுக்கு அடிப்பீடம் மட்டும். தொல்லியல் துறை அதைக் கட்டி நெரப்பாம அப்படியே வச்சிருக்கு. கல்லுக்கு அதுதான் நியாயம். இல்லாததை இட்டுக்கட்டக் கூடாது. ஆனா வண்டி கல்லு இல்ல. நிறுத்தி வச்சா பிரேக் இறுகும், சீல் காயும், டேங்க்ல துரு வரும். காரை நோகாம வச்சிருக்கணும்னா ஓட்டணும். ஓட்டணும்னா தேஞ்சதை மாத்தணும்.

சட்டத்துலயும் இந்தச் சிக்கல் இருக்கு. 2021ல அம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிங்களுக்குன்னு தனிப் பதிவு கொண்டுவந்தாங்க. அசல் வடிவம் மாறாம இருக்கணும். 'விஏ'ன்னு தனி எழுத்து வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கௌரவம்தான். ஆனா அந்தப் பதிவுல கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எண்ணெய் போடுறது மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. நான் சாதாரண வண்டியாவே அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை பதிவைப் புதுப்பிக்கிறேன். எனக்கு மணப்பாறைச் சந்தைக்குப் போகணுமே!

காலையில அம்மாகிட்ட தொகையைச் சொன்னேன். "தண்ணி வருமா வராதான்னு தெரியாத குழிக்குள்ள போடுறதுக்கு, ஓடுற வண்டி நம்மளோடயே இருக்கட்டுண்டா"ன்னாங்க. அவ்வளவுதான். அந்த வருஷம் தண்ணி கம்மியா கேக்குற உளுந்தோட நிறுத்திக்கிட்டோம்.

ஓட்டுறது எப்படி இருக்கும்? 948 சிசி எஞ்சின். நாலுவழிச் சாலையில லாரியே நம்மளைத் தாண்டிப் போகும். அறுபதுல போனா பாட்டு மாதிரி ஓடும். பின் சக்கரம் ரெண்டும் குறுக்கே போட்ட பட்டை ஸ்பிரிங்ல தனித்தனியா ஆடும். வளைவுல வேகமாப் போய்ச் சட்டுனு காலை எடுத்தா சக்கரம் உள்வாங்கும், பின்பக்கம் ஒதுங்கும். அதனால வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, உள்ள போனதும் லேசா அழுத்திக்கிட்டே வெளிய வரணும். திரும்புறதுல இதை அடிச்சுக்க ஆளில்ல. இருபத்தஞ்சு அடி வட்டத்துல திரும்பிடும். களத்துல மாட்டு வண்டி திரும்புற எடம் போதும். ஆனா பாலிஷ் மட்டும் போடமாட்டேன். இது விராலிமலைப் பக்கம். பளபளன்னு இருந்தா மயில் தன் நிழலைப் பாத்து எதிரின்னு கொத்திப்புடும்.

இப்ப எனக்குக் கவலை வண்டியைப் பத்தி இல்ல, பாயைப் பத்தி. கண் ஆபரேஷன் ஆச்சு, விரல் நடுங்குது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்குற பாயிண்ட்டுக்கு இடைவெளி வைக்கணும், ஓர் அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா அதுல பதினஞ்சு பங்கு. முன்னெல்லாம் கேஜ் இல்லாம சிகரெட் அட்டையைச் சொருகி வைப்பாரு. இப்ப நான் வைக்க, அவர் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் ஒரு மயிரிழை"ங்கிறாரு. அம்பது குதிரைச் சக்திக்கு மேல வர்ற புது டிராக்டர்லயும் 2023லேர்ந்து புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்ப்யூட்டர் வந்தாச்சு. புகை குறையுறது நல்லதுதான். ஆனா கழட்டிப் பாத்துக் கத்துக்குற வண்டி கொறையக் கொறைய, காதால ரிப்பேர் பாக்குற ஆளும் கொறைவாங்க. அதனால சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகையில மூணு பசங்க வர்றாங்க, ஒருத்தன் ஐடிஐ படிக்கிறான். பாய் நாற்காலியில உக்காந்துக்குவாரு. இந்த வாரம் அவங்க மூணு பேரும் கார்பரேட்டரைப் பிரிச்சு மறுபடி மாட்டினாங்க. ஒரு ஸ்குரூ மிச்சம் வந்தது. மறுபடியும் பிரிக்கச் சொன்னாரு.

உங்க தாத்தா வீட்லயும் ஹெரால்டோ பியட்டோ தார்ப்பாய்க்குள்ள கெடக்கலாம். ஆசையில பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிடாதீங்க. பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு நாள் விடுங்க. டேங்க்ல கெடக்குற பெட்ரோலை எறக்கிடுங்க. பழைய ஆயிலையும் மாத்துங்க. அப்புறம் டாப் கியர்ல போட்டு, பிளக் இல்லாமலே, வண்டியை முன்னயும் பின்னயும் மெதுவாத் தள்ளுங்க. எஞ்சின் அசைஞ்சா பாதி வேலை முடிஞ்சது. பிரேக்கைச் சரி பண்ணாம மட்டும் ரோட்டுக்கு எறக்காதீங்க. உங்க ஊர்ல கண்டிப்பா ஒரு பாய் இருப்பாரு, இல்ல ஒரு மேஸ்திரி இருப்பாரு. இப்பவே போய்ப் பாருங்க.