எறவாணத்து டம்ளர்

எங்கள் சபையில் ஒரு மூப்பர் இருந்தார். பீடி, சாராயம் தொடமாட்டார். சினிமாக் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். தசமபாகத்தில் பைசா குறையாது. "ஏல, அவர மாதிரி இருக்கணும்" என்று அம்மா எனக்குப் புத்தி சொல்லும்.

1981 சீசனுக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். துணைக்கு அம்மாவும் வந்தது. ஐந்தருவியில் மேலத்தெரு, கீழத்தெரு என்றில்லாமல் எல்லாரும் ஒரே தண்ணீருக்குத் தலையைக் கொடுத்தோம். மூப்பர் மேல் விழுந்து தெறித்த தண்ணீர்தான் என் மேலும் விழுந்தது. குளித்து ஏறியதும் நல்ல பசி. அம்மா கட்டிவந்த புளிச்சோற்றை அவரிடம் நீட்டியது. "வயிறு சரியில்ல" என்றார். கொஞ்ச நேரத்தில் மேலத்தெருப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தில் சேர்ந்திருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பேச்சு வந்தது. "துட்டுக்குப் போனானுவ" என்றார் மூப்பர். அம்மா மெதுவாகக் கேட்டது: "சரிங்கய்யா, நம்ம கோயிலும் பக்கத்துலதான இருக்கு. ஏன் இங்க வரல?" அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

1833இலேயே பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. சட்டம் போட்டு அசனப் பந்தியில் ஒன்றாக உட்காரவைக்கலாம். மனசை என்ன செய்வது?

இதையெல்லாம் நான் கூட்டங்களில் பேசிக்கொண்டு திரிந்தேன். ரட்சிக்கப்பட்டவன் என்று சாட்சியும் சொன்னேன். ஒருநாள் செருப்புத் தைக்கிற அருந்ததியப் பெரியவர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அம்மா எறவாணத்தில் சொருகியிருந்த டம்ளரை எடுத்துக் கொடுத்தது. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சின்ன வயசிலிருந்து அங்கேயே இருந்த டம்ளர்தான். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குகிறவர்களை இயேசு கண்டிக்கிற மத்தேயு 23ஆம் அதிகாரம் மூப்பருக்கென்றே எழுதப்பட்டதாக அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

மறுவாரம் அவர் வந்தபோது நான் குடிக்கிற செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். "குடிங்கய்யா" என்றேன். என் கை நடுங்கியது. அவர் திருப்பிக் கொடுத்த செம்பை உள்ளே கொண்டுபோய் வைக்கிறவரை நடுக்கம் நிற்கவில்லை.

அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்லாமல் மூப்பரைப் பற்றி நான் இனிப் பேசமுடியாது.