எய்தவன் நான்

என் அம்பு பட்டு ஓடிய ஒரு மான் எனக்குக் கிடைக்காமல் போனதற்கு, அந்த அம்பு கார்பனால் ஆனது என்பதே காரணம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதைக் கேட்டுச் சிலர் அம்பை மாற்றிவிட்டார்கள். அவர்களில் ஒருவனிடம் போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வசிப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். இந்தியாவில் வேட்டை குற்றம். இங்கே உரிமம் பெற்று வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடலாம். வில் வேட்டைக்கென்று 1934லேயே தனிப் பருவம் ஒதுக்கிய மாநிலம் இது. செப்டம்பர் நடுவில் தொடங்கி, பனி மூடும் ஜனவரி வரை நீளும். மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, மான் தானாகக் கிட்டே வரும்வரை அசையாமல் காத்திருக்க வேண்டும். கிட்டே வராத மானைப் போகவிட வேண்டும். இந்த வேட்டையில் மனிதன் மானுக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதை அதுதான் என்று நம்புகிறவன் நான். நம்பிக்கொண்டே மீறினேன்.

என் பொய்யை எல்லோரும் நம்பியதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருந்ததுதான். கார்பன் தண்டு எடை குறைவு, வேகம் அதிகம். அது வளைந்து நிற்காது. ஒன்று நேராக இருக்கும், இல்லையென்றால் உடைந்துவிடும். மயிரிழை விரிசல் விழுந்த தண்டை நாணில் ஏற்றி விட்டால் அது நொறுங்கி, சிம்பு கைக்குள் ஏறிவிடும். அதனால் எய்வதற்கு முன் இரு முனைகளையும் பிடித்து லேசாக வளைத்து, திருப்பித் திருப்பிக் காதருகே வைத்துக் கேட்போம். நறநறவென்றால் அந்த அம்பு குப்பைக்கு.

கார்பனுக்குப் பதிலாக நான் பரிந்துரைத்தது அலுமினியமும் கார்பனும் சேர்ந்த கலப்புத் தண்டு. அதில் இரண்டு வகை உண்டு. மெல்லிய அலுமினியக் குழலின் மேல் கார்பனைச் சுற்றியது ஒன்று. கார்பன் குழலின் மேல் அலுமினியத் தோல் போர்த்தியது இன்னொன்று. ஈஸ்டன் நிறுவனத்தின் ஃபுல் மெட்டல் ஜாக்கெட் இந்த இரண்டாவது வகை, தோல் 7075 கலவை. இதன் எடைதான் வேட்டைக்காரர்களுக்குப் பிடிக்கும். வழுவழுப்பான உலோகம் என்பதால் பயிற்சி இலக்கிலிருந்து உருவ எளிது. விலை கூடுதல். கல்லிலோ எலும்பிலோ பட்டால் அந்தத் தோல் மிகச் சிறிதாக வளைந்து, அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. கண்ணுக்கு நேராகத் தெரியும். உருட்டிப் பார்த்தால்தான் முனை ஆடுவது தெரியும்.

என் வில்லில் 400 கிரெயின், அதாவது சுமார் 26 கிராம் எடையுள்ள கார்பன் அம்பு விநாடிக்கு ஏறக்குறைய 280 அடி போகும். அதே வில்லில் 480 கிரெயின் கலப்பு அம்பு 256 அடிதான் போகும். ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றே. கனமான அம்பின் உந்தம் பத்தில் ஒரு பங்கு கூடுதல், அதனால் ஊடுருவல் நன்றாக இருக்கும். வில்லின் சத்தமும் கொஞ்சம் அடங்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கின் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

அன்று மாலை நடந்தது இது. மான் 45 கஜத்தில் நின்றது. முப்பதுக்கு மேல் நான் ஒழுங்காகப் பயிற்சி செய்ததில்லை. அது தலையைத் தூக்கி, இரண்டு காதுகளையும் என் பக்கம் திருப்பியிருந்தது. ஏதோ கேட்டுவிட்டது. அப்படி விழித்து நிற்கிற மானை எய்யக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பருவம் முடிந்துகொண்டிருந்தது, கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆசை மட்டும்தான் இருந்தது. எய்தேன்.

45 கஜம் என்பது 135 அடி. அம்பு போய்ச் சேர ஏறக்குறைய அரை விநாடி ஆகும். நாணின் ஓசை அதில் கால் பங்கு நேரத்தில் போய்விடும். மிச்ச நேரம் மானுடையது. பாய்வதற்காக அது முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். 0.2 விநாடியில், விழுகிற எந்தப் பொருளும் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நுரையீரலைக் குறிவைத்த அம்பு முதுகுக்குக் கீழே, மேல் தசையில் இறங்குவதற்கு அது போதும். என் அம்பும் அங்கேதான் இறங்கியது. கலப்பு அம்பாக இருந்திருந்தால் இன்னும் மெதுவாகப் போயிருக்கும், மானுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கும். நான் பரிந்துரைத்து வந்த அம்பு, நான் செய்த அதே பிழையைப் பெரிதாக்கும் அம்பு.

நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் நுரை கட்டி, இளஞ்சிவப்பாக இருக்கும். நான் பார்த்தது நுரையில்லாத பளீர்ச் சிவப்பு. முதலில் இலைகளில் நிறைய, பிறகு துளித் துளியாக, பிறகு தேடித் தேடி ஒன்று. வழியில் ஒரு மேப்பிள் மரத்தடியில் அம்பின் பின்பாதி கிடந்தது. மரப்பட்டையில் புதுச் சிராய்ப்பு. ஓடும்போது மரத்தில் உரசி முறிந்திருக்கிறது. எந்தத் தண்டாக இருந்தாலும் அந்த இடத்தில் தாங்கியிருக்காது. கோரை வளர்ந்த சதுப்பின் ஓரத்தில் தடம் நின்றுபோனது. இருட்டிவிட்டது.

காயம்பட்ட மானை மோப்பம் பிடித்துத் தேட, கயிற்றில் கட்டிய நாயைக் கொண்டுபோக இங்கே அனுமதி உண்டு. அப்படிப் பழக்கிய நாய் ஒன்று பக்கத்துப் பண்ணையில் இருந்தது. அதன் சொந்தக்காரர் வயதானவர், வில்லில் எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். கூப்பிட்டால் அந்த நேரத்திலும் வந்திருப்பார். வந்தால் முதலில் எவ்வளவு தூரம் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் கூப்பிடவில்லை. இரவில் மழை பெய்தது. மழை தடத்தை அழித்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். எய்தது ஒரு கணத்து ஆசை. கூப்பிடாமல் விட்டது ஒரு இரவு முழுக்க யோசித்துச் செய்தது. என்னால் மன்னிக்க முடியாதது இதுதான்.

தசையில் மட்டும் காயம்பட்ட மான்கள் பிழைத்துக்கொள்வதுண்டு. அதைச் சொல்லியே பல இரவுகள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உடலுக்குள் ஒரு முனையோடு அந்தக் குளிரில் அது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க அது உதவியது.

முறிந்த பாதி அம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்த்தவர்களிடம் காட்டினேன். “பாருங்கள், கார்பன். எலும்பில் பட்டதும் முறிந்துவிட்டது.” யாரும் தூரத்தைக் கேட்கவில்லை, உடைந்த அம்பு கண்முன்னே இருந்ததால். அடுத்த பருவத்துக்குக் கலப்பு அம்புகள் வாங்கினேன். அம்பைப் பற்றித் தெரிந்தவன் என்று பெயரும் வந்துவிட்டது. அந்தப் பெயரை மறுக்காமல் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் இங்கே புதிதாக வில் பழகும் மதுரைக்காரத் தம்பி ஒருவன் கேட்டான்: “காசு கூடன்னாலும் பரவாயில்லண்ணா, எது நல்லதோ அதையே சொல்லுங்க.” கார்பனை நம்பாதே என்று சொல்லி, நான் வாங்கிய அதே தண்டை, அதே விறைப்பு எண்ணோடு வாங்க வைத்தேன். அவன் வில்லின் இழுவிசை என்னுடையதைவிடக் குறைவு. அந்தத் தண்டு அவனுக்கு விறைப்பு அதிகம். இதையும் அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்த மான் பக்கம் திரும்பும் என்பதால்.

போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “மறுநாள் தேடினீங்களா?” என்றான். இல்லை என்றேன். வேறெதுவும் அதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

எடை, கார்பன், கலப்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவன் வில்லுக்குப் பொருந்திய விறைப்பில் எந்தத் தண்டானாலும், கூரான முனையோடு, 20 கஜத்துக்குள் மானின் நுரையீரலைத் துளைத்துப் போகும். கடையில் தண்டுகளை மாற்றித் தரக் கேட்டிருக்கிறோம். தரவில்லையென்றால் விலை முழுவதையும் நான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் இன்னும் பேசவில்லை. இந்தப் பருவம் தொடங்குவதற்குள் அவரிடம் போகிறேன்.