மழையின் மேல் போட்ட பழி

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு. பதினொரு மணியளவில் கிளைப்பங்கு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மூதாட்டி ஒருவர் இறுதிநிலையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரத்தநாட்டுச் சாலையிலிருந்து பிரிந்து, கல்லணைக் கால்வாய்க் கரையோரமாகச் செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் போக முடியாத மழை. ஆகவே, சித்தப்பா எனக்கு விட்டுச்சென்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்தேன். பாதி வழியில் அது இருமியது, குலுங்கியது, பின் நின்றேவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளிருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். பலமுறை முயன்ற பின்னரே வண்டி உயிர் பெற்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாய் கண்மூடி இருபது நிமிடங்கள் ஆகியிருந்தன.

"மழைதானே சாமி, நீங்க என்ன செய்வீங்க?" என்றார் மகன். நான் தலையசைத்தேன். இறந்தோருக்கான செபத்தைச் சொல்லி முடித்து, திறக்கப்படாத எண்ணெய்ச் சிமிழுடன் வீடு திரும்பினேன்.

அந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலவடிவம். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை நம் நாட்டில் தயாரித்தது. அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினைப் பொருத்தித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை விளையாட்டுக் காரை ஆங்கிலேயர் செய்தார்கள். அவ்வகைக் கார்களைப் பேணுவோர் உலகெங்கும் இன்றும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற இச்சிறு உறுப்பைப் பிரித்துச் சீர்செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

மறுவாரம் தஞ்சையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். "மழையில் ஈரம் இறங்கிவிட்டது, பாய்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூடியைக் கழற்றி, நடுத்தண்டை இரு விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். பால்பல்லைப் போல அது ஆடியது.

டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை நம் வயற்காட்டுக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். அது முறைத் தண்ணீர் விடுவதைப் போன்றது. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைச் சுருள் ஒன்று பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு சிலிண்டர்களுக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும். தண்டு சுழலும்போது அதன் நான்கு முனைப்புகளும் பாயிண்ட் என்னும் தொடுமுனைகளைத் திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பொறி. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால், தண்டு 1,500 சுற்று சுழலும். அதாவது நொடிக்கு 100 பொறிகள். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, முறை தவறாமல் மடை திறக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா!

பாயிண்ட் திறக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்க வேண்டும். பெரியவர் தகடு நுழைத்து அளந்தார். ஒரு முனைப்பில் 15, அடுத்ததில் 20, மற்றொன்றில் 12. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துபோனதால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் விழுந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை பாயிண்ட் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதைதான்.

"எலக்ட்ரானிக் வைத்துவிடலாமா?" என்றேன்.

"வைக்கலாம் ஃபாதர். ஆனா தண்டு ஆடினா பொறியும் ஆடும்." பிறகு கேட்டார்: "ரோட்டாருக்கு அடியில ரெண்டு சொட்டு எண்ணெய் விடணுமே, கடைசியா எப்ப விட்டீங்க?"

அப்படி ஒன்று விட வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். கார் என் கைக்கு வந்த பின் ஒருமுறைகூட நான் விடவில்லை. ஈரம் எந்தக் காருக்கும் தொல்லைதான். ஆனால் என் காரில் ஈரம் வருமுன்பே தளர்ச்சி வந்துவிட்டது.

சீர்செய்ய நான்கு நாட்கள் ஆயின. ரோட்டார் நோக்கிய திசையைக் குறித்துக்கொண்டு, அடியில் இருந்த சிறு ஊசியைத் தட்டி எடுத்துத் தண்டை உருவினார் பெரியவர். மைக்ரோமீட்டரில் பார்த்தபோது தண்டு அவ்வளவாகத் தேயவில்லை. தேய்ந்தது அதைத் தாங்கிய புஷ்தான். புதியது சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வந்தது. உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்த பொருள் அது. உடலெங்கும் நுண்துளைகள். 24 மணி நேரம் எண்ணெயில் ஊறவைத்த பிறகே அதைப் பொருத்தினார். உட்புறத்தைத் துருவி விரிக்கக் கூடாதாம். துளைகள் அடைபட்டால் எண்ணெய் கசியாதாம்.

வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளும் எடைகளில் இரண்டு சுருள்வில்கள் இருந்தன. ஒன்று இறுக்கமாகவும் மற்றது தொளதொளப்பாகவும் இருக்கக் கண்டு, உதவிக்கு நின்ற பையன் அதைத் தூக்கியெறியப் பார்த்தான். "விடுடா, அது அப்படித்தான் இருக்கணும். வேகம் கூடினாத்தான் அதுக்கு வேலை" என்று தடுத்தார் பெரியவர்.

புதிய புஷ்ஷில் தண்டு ஆடாமல் நின்றது. நான்கு முனைப்புகளிலும் தகடு ஒரே அளவைக் காட்டியது. எஞ்சின் சுழன்ற ஓசையில் தடுமாற்றம் இல்லை.

குருமடத்து அறநெறி வகுப்பில், தனிச்செயலையும் அதைத் தாங்கும் மனப்பழக்கத்தையும் பிரித்தறியக் கற்றிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிறருக்கு அதை எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆயினும், கண்ணுக்குத் தெரியும் பாயிண்டை மாற்றிமாற்றிக் காலத்தைக் கழித்தவன் நான். அந்த இரவில் ஒருவர் இரக்கத்தோடு தந்த சாக்கையும் வாங்கிக்கொண்டேன்.

வண்டி சீரானதும் முதலில் அந்த மகனின் வீட்டுக்கே ஓட்டிச் சென்றேன். அவர் நாற்றங்காலிலிருந்து சேற்றுக் காலுடன் வந்தார். "அன்று மழை காரணமல்ல. நான் வண்டியைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம்" என்றேன். அவர் வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"இப்ப நல்லா ஓடுதா, சாமி?"

"ஓடுகிறது."

"கீழத் தெருவுல பெரியப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. சாமி வந்தா சந்தோசப்படுவாரு. கால அலம்பிட்டு வந்துடுறேன், ஒரு நடை போய்ட்டு வந்துடலாம்."

வாய்க்கால் நீரில் கால் அலம்பிக்கொண்டு வந்து அருகில் அமர்ந்தார். சாவியைத் திருப்பினேன்.